அர்ச். தெரேசம்மாளைப் பெற்ற தாய்

பிரியமுள்ள பங்குக் குடும்பத்தாரே,

கையில் பாடுபட்ட சுரூபமும் ரோஜாப் பூக்களும் ஏந்தி நிற்கிற அர்ச். குழந்தை தெரேசம்மாளின் படம் நம் வீடுகளில் அநேகமாக எங்கும் உண்டு. நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவளுடைய பெயர்! ஆனால் அவளைப் பெற்ற தாய் யார், எப்படி இருந்தாள், எப்படி இறந்தாள் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. விடுமுறைக்கு விடுதிகளிலிருந்து பிள்ளைகள் வீடு வந்திருக்கும் இந்த வாரத்தில், அந்தத் தாயின் சீவியத்தை, முக்கியமாய் அவளுடைய கடைசி ஒன்பது மாதங்களை, உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். குடும்பமாய் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் நலம்.

செலியம்மாள் 1831ஆம் வருஷம் டிசம்பர் 23ஆம் தேதி, பிரான்சு தேசத்தின் நார்மண்டிப் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தாள். தகப்பனார் காவல் படையில் சேவகம் செய்தவர். வீட்டில் பணம் குறைவு, கண்டிப்பு அதிகம். தன் இளமையில் சந்தோஷம் காணவில்லை என்று பிற்காலத்தில் அவளே தன் தம்பிக்கு எழுதியிருக்கிறாள். கன்னியர் மடத்தில் சேர்ந்து நோயாளிகளுக்கு ஊழியம் செய்ய ஆசைப்பட்டாள். மடத்துத் தலைவி அவளுக்கு அந்த அழைத்தல் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டாள். அப்படியானால் ஆண்டவர் எனக்குப் பிள்ளைகளைத் தரட்டும், அவர்களை அவருக்கே கொடுப்பேன் என்று தீர்மானித்துக்கொண்டு, கைத்தொழில் கற்கப் போனாள்.

அவள் கற்ற தொழில் ஊசியால் செய்யும் லேஸ் பின்னல். நாகர்கோவில், இடையன்குடிப் பக்கத்துப் பெண்கள் செய்து புகழ்பெற்ற லேஸ் வேலையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செலியம்மாள் வாழ்ந்த அலான்சோன் நகரத்து லேஸ் அதைவிட நுட்பமானது. ஒரு சதுர சென்டிமீட்டர் முடிக்க 7 மணி நேரம் பிடிக்கும் என்பார்கள். துண்டு துண்டாகப் பல பெண்கள் தங்கள் வீடுகளில் பின்னி, வியாழக்கிழமைதோறும் செலியம்மாளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தத் துண்டுகளைத் தையல் தெரியாதபடி ஒன்றாய் இணைப்பதே எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. அதை அவள் தன் கையாலேயே செய்தாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து இரவு வெகுநேரம் உட்கார்ந்த தாய்மார் இந்த ஊரில் எத்தனையோ பேர். செலியம்மாளின் கழுத்து வலியையும் கண் எரிச்சலையும் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1858ஆம் வருஷம், லூர்து கெபியில் தேவமாதா காட்சி கொடுத்த அதே வருஷத்தில், ஜூலை 13ஆம் தேதி நள்ளிரவில், கடிகாரத் தொழில் செய்துவந்த லூயி மார்ட்டின் என்பவரை விவாகம் செய்தாள். அவரும் வாலிபத்தில் சந்நியாச மடத்தில் சேரப் போய்த் திரும்பியவர். ஆண்டவர் அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகளைக் கொடுத்தார். அவர்களில் நான்கு பேரை நான்கு வருஷ காலத்துக்குள் சின்ன வயதிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்: இரண்டு ஆண் குழந்தைகள், ஐந்து வயது எலேன், ஒரு கைக்குழந்தை. மிஞ்சியவர்கள் மரியா, பவுலீனா, லெயோனி, செலின், கடைசியாக 1873ஆம் வருஷம் ஜனவரி 2ஆம் தேதி பிறந்த தெரேசா. ஐந்தும் பெண்கள்.

இப்பொழுது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1865ஆம் வருஷத்திலேயே செலியம்மாள் தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதை அறிந்திருந்தாள். மருந்துத் தொழில் படித்த தன் தம்பிக்கு அதைப்பற்றிக் கடிதமும் எழுதினாள். ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வலி விட்டுவிட்டு வந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், பிள்ளைகள் இறந்தார்கள், லேஸுக்குக் கேட்பவர்கள் கேட்டபடி இருந்தார்கள். பதினோரு வருஷம் அந்தக் கட்டி அவளோடு இருந்தது. 1876ஆம் வருஷம் கடைசியில் அது பெருத்து, நோவு தாங்க முடியாமல் போகவே, டிசம்பரில் உள்ளூர் வைத்தியரிடம் போனாள். அவர் பார்த்துவிட்டு, இது கடினமான கட்டியென்று சொல்லி, ஒரு மருந்துச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். இதனால் என்ன பலன் என்று அவள் நேராகக் கேட்டாள். பலன் ஒன்றுமில்லை, நோயாளிகளின் மனத்திருப்திக்காக எழுதுவதுதான் என்று அவர் உண்மையை ஒப்புக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டாள். வீடு முழுவதும் அழுகை. லூயி இடிந்து போனார். ஓய்வு நேரத்தில் மீன் பிடிப்பதில் அவருக்குக் கொள்ளைப் பிரியம். தூண்டில்களையெல்லாம் பரணில் போட்டுவிட்டார். சிநேகிதர் வீட்டுக்கும் போகவில்லை. கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி, செலியம்மாள் தம்பி குடியிருந்த லிசியே நகருக்குச் சென்று அங்கே பெயர்பெற்ற ஒரு ரண வைத்தியரைக் கண்டாள். ஆரம்பத்தில் வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது காலம் கடந்துவிட்டது என்பது அவருடைய தீர்ப்பு. அக்காலத்தில் எக்ஸ்ரே கிடையாது. அது 1895இல்தான் வந்தது. கிருமி சேராமல் அறுவை செய்யும் முறையை லிஸ்டர் என்ற ஆங்கில வைத்தியர் வெளியிட்டே பத்து வருஷம் ஆகவில்லை. ஆகவே அந்தத் தாய் மரண ஓலையைக் கையில் வாங்கிக்கொண்டு திருநாளைக் கழித்தாள்.

நம் கரிசல் பூமியிலும் அந்த மாதங்களில் சந்தோஷம் இருக்கவில்லை. அதுதான் நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நடுங்கிய பஞ்ச காலம். மழை பொய்த்து, பருத்தியும் கம்பும் கருகி, ஜனங்கள் கூட்டங்கூட்டமாய் மடிந்த 1876, 1877, 1878ஆம் வருஷங்கள். இங்கே பிள்ளைகளுக்குக் கஞ்சியில்லாமல் தாய்மார் துடித்த அதே நாட்களில், அங்கே ஒரு தாய் தன் பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவதென்று துடித்தாள்.

அவளுக்கு மிகுந்த கவலை மூன்றாம் மகள் லெயோனியைப் பற்றியது. படிப்பு ஏறவில்லை, சொல் கேட்பதில்லை, கன்னியர் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். தாயின் அன்பான வார்த்தைகூட அவள் மனத்தைத் தொடவில்லை. 1877ஆம் வருஷம் பிப்ரவரி 24ஆம் தேதி செலியம்மாளின் அக்காள், லெ மான் நகரத்துக் கன்னியர் மடத்தில் காசநோயால் இறந்தாள். அவள் இறக்குமுன் செலியம்மாள் ஒரு விண்ணப்பம் செய்திருந்தாள்: மோட்சம் போனதும் லெயோனிக்காகத் தேவமாதாவிடம் பேச வேண்டும் என்பதே அது. சில வாரங்களுக்குள் உண்மை வெளியாயிற்று. வீட்டு வேலைக்காரி இரகசியமாய் அந்தப் பெண்ணை மிரட்டி, தாய் சொல்லைக் கேட்க விடாமல் தனக்கு அடிமைபோல் வைத்திருந்தாள். இதைக் கண்டுபிடித்தவள் மூத்தவள் மரியா. அந்தப் பிடி நீங்கினதும் லெயோனி தாயை விட்டு ஒரு நிமிஷமும் விலகவில்லை. தாய்க்குப் பதிலாகத் தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரை வேண்டிக்கொள்ளும் அளவுக்கு மாறினாள். நோய் வந்திராவிட்டால் அந்த மகளின் மனக்காயம் எப்போது தெரிந்திருக்குமோ!

ஜூன் மாதத்தில் மரியா, பவுலீனா, லெயோனி மூவரையும் அழைத்துக்கொண்டு செலியம்மாள் லூர்துக்குப் புறப்பட்டாள். அவளுக்குப் புதுமையால் சுகம் கிடைக்கும் என்று பிள்ளைகள் திடமாய் நம்பினார்கள். வழியெல்லாம் தொல்லை. கொண்டுபோன சாப்பாடு கெட்டது. இறந்த அக்காளின் ஜெபமாலை தொலைந்தது. கால் இடறி அவளுடைய கழுத்தும் பிசகிக்கொண்டது. பனிக்கட்டிபோன்ற குளத்து நீரில் நான்கு தரம் இறங்கினாள். சுகம் கிடைக்கவில்லை. மகள்கள் மனமுடைந்து போனார்கள். நோயாளியே அவர்களைத் தேற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு சின்னக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனில் காத்திருந்த லூயி, அவள் சிரித்த முகத்தோடு இறங்கி வருவதைக் கண்டு ஆச்சரியப்பட்டார். லூர்து மாதா அவளுக்குச் சரீர சுகத்தைக் கொடுக்கவில்லை. கடைசி இரண்டு மாதங்களுக்கு வேண்டிய தைரியத்தைக் கொடுத்தாள்.

நாம் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருநாளுக்கு ஆயத்தமாகிற ஆகஸ்ட் மாதம், பிரான்சில் பள்ளிகளின் பெரிய விடுமுறைக் காலம். பவுலீனா படிப்பை முடித்து விடுதியிலிருந்து வந்துவிட்டாள். ஐந்து பெண்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அந்த விடுமுறையில் அவரவர் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

மூத்தவள் மரியாவுக்கு 17 வயது. தாயின் படுக்கை அவளுடைய பொறுப்பு. தங்கைகள் செலினுக்கும் தெரேசாவுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவளும் அவளே. வருஷ முடிவில் பள்ளிக்கூடங்களில் நடப்பதுபோல, வீட்டிலும் ஒரு பரிசளிப்பு விழா நடத்தினாள். அறையை இலைகளாலும் பூக்களாலும் அலங்கரித்தாள். தாயும் தகப்பனாரும் தலைமை வகித்தார்கள். சின்னவர்கள் இருவரும் வெள்ளை உடுப்பில் வந்து பரிசு வாங்கினார்கள். அந்தத் தாய்க்கு உயிர் இருந்தது இன்னும் மூன்று வாரமே. ஆயினும் அவள் அன்று தன் நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு வயதுக் குழந்தைக்குப் பரிசு கொடுத்தாள்.

லூயி வீட்டை விட்டு நகரவில்லை. பவுலீனாவும் லெயோனியும் மாறி மாறித் தாயருகே இருந்தார்கள். செலினையும் தெரேசாவையும் பகல் நேரத்தில் உறவினரான ஓர் அம்மாளின் வீட்டில் விட்டு வைத்தார்கள். ஒரு நாள் காலையில் அந்த வீட்டு அம்மாள் செலினுக்கு நல்ல ஆப்ரிகாட் பழம் ஒன்று கொடுத்தாள். குழந்தைகள் அதைத் தின்னவில்லை. அம்மாவுக்கென்று பத்திரமாய் வைத்துச் சாயங்காலம் கொண்டுபோனார்கள். பழம் தின்கிற நிலைமையை அந்தத் தாய் தாண்டிவிட்டிருந்தாள். தெரேசம்மாள் பெரியவளாகித் தன் சரித்திரத்தை எழுதியபோது, அந்தப் பழத்தை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறாள்.

செலியம்மாளும் சும்மா இருக்கவில்லை. வாக்குக் கொடுத்த லேஸ் வேலையைக் கூடியமட்டும் முடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு அடிக்கும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தாவது காலைப் பூசைக்குப் போய் வந்தாள். ஆகஸ்ட் 3ஆம் தேதி முதல் வெள்ளிக்கிழமைப் பூசையோடு அதுவும் நின்றது. ஆகஸ்ட் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, லூயி தாமே போய்க் குருவானவரை அழைத்து வந்தார். குடும்பமெல்லாம் முழந்தாளிட்டிருக்க, அவஸ்தைப்பூசுதல் பெற்றாள். தகப்பனார் விம்மி அழுத சத்தம் நான்கு வயதுத் தெரேசாவின் காதில் கடைசி வரை இருந்தது. தம்பியும் தம்பி மனைவியும் லிசியேயிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. தம்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளைகளை உன்னிடம் விடுகிறேன் என்பதே அந்தப் பார்வையின் பொருள் என்று அந்த அம்மாள் புரிந்துகொண்டாள். 28ஆம் தேதி பின்னிரவில், நாற்பத்தைந்தாவது வயதில், செலியம்மாள் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்து வந்ததும், இனி அம்மா இல்லையே என்று வேலைக்காரி இரங்கிச் சொல்ல, செலின் ஓடிப்போய் மரியாவைத் தன் தாயாகக் கட்டிக்கொண்டாள். தெரேசா பவுலீனாவைக் கட்டிக்கொண்டாள். அதே நவம்பரில் லூயி, தம் ஊரையும் சிநேகிதரையும் விட்டு, பிள்ளைகளின் மாமா அத்தை அருகில் இருக்க வேண்டுமென்று லிசியேக்குக் குடிபோனார். ஐந்து பெண்களும் பின்னால் கன்னியர் மடங்களில் சேர்ந்தார்கள். நான்கு பேர் லிசியே கார்மேல் மடத்தில், லெயோனி கான் நகரத்தில். தெரேசம்மாள் 1925இல் அர்ச்சிஷ்டவள் பட்டம் பெற்றாள். 2015ஆம் வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ், லூயியையும் செலியம்மாளையும் ஒன்றாக அர்ச்சிஷ்டவர்களாகப் பிரசித்தப்படுத்தினார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே சடங்கில் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. அவர்களுடைய திருநாள் ஜூலை 12.

பிரியமானவர்களே, இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, தாய்மாருக்கு. அர்ச்சிஷ்டவர்களின் புண்ணியத்தைப் பின்பற்றுங்கள். அந்தப் பதினோரு வருஷத் தாமதத்தைப் பின்பற்ற வேண்டாம். அவள் காலத்தில் வைத்தியம் கையை விரித்தது. இன்று அப்படியில்லை. மார்பில் தட்டுப்படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புற்றுநோயாகவே இருந்தாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகிறவர்கள் அநேகர். பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. சிகிச்சைச் செலவுக்கு அரசு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளையின் பரீட்சை முடியட்டும், பருத்தி எடுப்பு முடியட்டும், திருநாள் முடியட்டும், மகள் கலியாணம் முடியட்டும் என்று தாய் மறைக்கிறாள். கூச்சம் ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். எல்லாம் முடிந்து அவள் வாயைத் திறக்கும்போது வைத்தியரும் செலியம்மாளுக்குச் சொன்னதையே சொல்லும்படி ஆகிறது. நோயை மறைப்பது தியாகம் என்று எண்ணாதீர்கள். உங்கள் உயிர் உங்கள் பிள்ளைகளுக்கும் சொந்தம். இதை வாசிக்கிற ஒரு தாய்க்காவது மனத்தில் சுருக்கென்றால், திங்கட்கிழமையே போய்க் காட்டுங்கள்.

இரண்டாவது, வீட்டாருக்கு. தாய் படுத்துவிட்டால் மூத்த மகளின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு மற்றவர்கள் வெளியே போய்விடுவது நம்மிடம் உள்ள குறை. ஆண்பிள்ளைகளுக்கு அடுப்படி தெரியாது என்று சாக்குச் சொல்லுகிறோம். லூயி மார்ட்டின் தூண்டிலைப் பரணில் போட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பன்மாரே, நீங்கள் பரணில் போட வேண்டியது எது என்று உங்களுக்கே தெரியும். விடுதியிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளே, இந்த விடுமுறையில் ஒருநாள் அம்மாவை உட்கார வைத்து, நீங்கள் தண்ணீர் பிடியுங்கள், நீங்கள் சோறாக்குங்கள். அவள் முகத்தைப் பாருங்கள். மெலிந்திருக்கிறாளா, வலியை விழுங்குகிறாளா என்று கேளுங்கள். சின்னக் குழந்தைகளை நோயாளியிடமிருந்து அடியோடு ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு பழத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற பங்கு அவர்களுக்கும் இருக்கட்டும்.

நோயாளிகள் உள்ள வீட்டார் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அவஸ்தைப்பூசுதலை இன்று நோயில்பூசுதல் என்று சொல்லுகிறோம். அது கடைசி மூச்சுக்கென்று வைத்த சடங்கு அல்ல. கனத்த நோய் வந்த உடனே பெறத்தக்கது. குருவானவர் வந்தால் நோயாளி பயந்துபோவாள் என்று தள்ளிப்போட வேண்டாம். நற்கருணையும் கொண்டு வருகிறேன்.

இன்றிரவு குடும்ப ஜெபமாலையில் ஒரு பத்து மணி, நம் பங்கில் நோயாய்ப் படுத்திருக்கும் தாய்மாருக்காகச் சொல்லுங்கள். ஜெபமாலை முடிந்ததும், உங்கள் தாயின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

உங்கள் பங்குக்குரு